பஸ்தார் காடுகளில் இருந்து துரத்தப்பட்ட ஆதிவாசிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையில் மாதாமாதம் கூடும் எங்கள் வாசிப்பு வட்டத்தில், இந்தியாவின் பஸ்தார் பகுதியில் இருந்து துரத்தப்பட்ட ஆதிவாசிகளைப் பற்றிப் பேசத் தொடங்கியதில் இருந்து கேள்விகள் ஓயவில்லை. கூட்டம் கலைந்த பிறகு வாசலில் நின்று கேட்கிறார்கள், தொலைபேசியில் கேட்கிறார்கள். வடக்கில் காணி இழந்தவர்கள், புத்தளத்தில் வளர்ந்தவர்கள், மலையகத்தில் இருந்து கொழும்புக்குப் படிக்க வந்தவர்கள் என்று ஆட்கள் மாறினாலும் சந்தேகங்கள் அநேகமாக ஒன்றுதான்.

இடம்பெயர்ந்தோரின் காணி ஆவணங்களோடு வேலை செய்பவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன். முன்னால் சொன்னதைத் திருப்பிச் சொல்லாமல் கேள்வி இலக்கத்தை மட்டும் குறித்திருக்கிறேன்.

1. சல்வா ஜூடும் எண்டா என்ன? முதல்ல அதைச் சொல்லுங்கோ.

2005 ஜூன் மாதம் சத்தீஸ்கர் மாநிலத்தின் தெற்கு மூலையான பஸ்தாரில், மாவோயிஸ்டுகள் என்ற ஆயுதக் கிளர்ச்சியாளர்களுக்கு எதிராகத் தொடங்கிய இயக்கம் அது. அந்தப் பகுதி அப்போது தந்தேவாடா மாவட்டம். இன்று தந்தேவாடா, பிஜாப்பூர், சுக்மா என்று மூன்றாகப் பிரிந்திருக்கிறது. இயக்கத்தின் முகமாக நின்றவர் மகேந்திர கர்மா. அவர் காங்கிரஸ்காரர், சட்டமன்ற எதிர்க்கட்சித் தலைவர். ஆட்சியில் இருந்ததோ பாரதிய ஜனதாவின் ரமண் சிங் அரசு. எதிரெதிர்க் கட்சிகள் இரண்டும் இந்த விடயத்தில் ஒரே பக்கம் நின்றன.

மாவோயிஸ்டுகளுக்கு எதிராக மக்களே கிளர்ந்தெழுந்தார்கள் என்று அரசு சொன்னது. தொடக்கத்தில் சில ஊர்களில் மாவோயிஸ்டுகள் மீது உண்மையான கோபம் இருந்தது. ஆனால் சில வாரங்களுக்குள் ஆயுதக் குழுக்கள் பாதுகாப்புப் படைகளோடு சேர்ந்து ஊர் ஊராகப் போகத் தொடங்கின. சேர மறுத்த ஊர்களில் வீடுகள் எரிக்கப்பட்டன, தானியம் அழிக்கப்பட்டது, ஆட்கள் கொல்லப்பட்டார்கள், பெண்கள் வல்லுறவுக்கு ஆளானார்கள். எஞ்சியவர்களைக் கொண்டுவந்து தோர்ணாபால், கோண்டா, எர்ராபோர், இஞ்சரம், பைரம்கட் போன்ற வீதியோர முகாம்களில் இருத்தினார்கள்.

2. எத்தனை பேர் பாதிக்கப்பட்டவை? எங்க போனவை?

644 கிராமங்கள் என்பது அரசின் பக்கத்தில் இருந்தே வந்த கணக்கு. சல்வா ஜூடுமில் ‘சேர்ந்த’ ஊர்கள் என்று அதைச் சொன்னார்கள். அவற்றில் பல வெறுமையான ஊர்கள். ஏறத்தாழ 50,000 பேர் முகாம்களில் இருந்தார்கள். இன்னும் 30,000 முதல் 50,000 பேர் வரை எல்லை தாண்டி அன்றைய ஆந்திரப் பிரதேசத்துக்குப் போனார்கள் என்பது அக்காலத்து மதிப்பீடு. மூன்றாவதாக ஒரு கூட்டமும் உண்டு. முகாமுக்கும் போகாமல், மாநிலத்தையும் விடாமல், காட்டுக்குள்ளேயே ஆழமாக ஒதுங்கி, படை வரும்போதெல்லாம் ஓடி ஒளிந்து வாழ்ந்தவர்கள். அவர்களைக் கணக்கெடுக்க யாருமே போகவில்லை.

ஆந்திரா புதிய இடம் அல்ல. கம்மம் மாவட்டத்து மிளகாய்த் தோட்டங்களுக்கு அறுவடைக் கூலியாக முன்பும் அவர்கள் போய்வந்தார்கள், அங்கே உறவினர்களும் இருந்தார்கள். தெரிந்த அந்த வழியால்தான் ஓடினார்கள். காட்டுக்குள் மரம் வெட்டிச் சிறு குடியிருப்புகள் போட்டார்கள். உள்ளூரில் இவர்களைக் குத்தி கோயா என்கிறார்கள். பெரும்பாலும் முரியா, கோயா மக்கள். 2014 இல் தெலங்கானா பிரிந்த பிறகு இந்தக் குடியிருப்புகள் இரண்டு மாநிலங்களுக்குள் சிதறிவிட்டன.

3. அப்ப இவையள் அகதிகள்தானே? யு.என்.எச்.சி.ஆர். பார்க்காதா?

இல்லை. யு.என்.எச்.சி.ஆர். ஐ.நா.வின் அகதிகள் அமைப்பு. நாட்டு எல்லையைத் தாண்டாதவரை சர்வதேச அகதிச் சட்டம் பொருந்தாது. வன்னியில் இருந்து வவுனியாவுக்கு வந்தவர்களைப் போல இவர்களும் உள்நாட்டில் இடம்பெயர்ந்தவர்கள். இந்திய அரசியலமைப்பின் 19 ஆம் உறுப்புரை எந்தக் குடிமகனும் நாட்டின் எந்தப் பகுதியிலும் நடமாடலாம், வசிக்கலாம் என்கிறது. அந்த வகையில் தெலங்கானாவில் அவர்கள் இருப்பது குற்றமே அல்ல.

ஆனால் உள்நாட்டில் இடம்பெயர்ந்தோருக்கென்று இந்தியாவில் தனிச் சட்டம் கிடையாது. அணைக்கும் சுரங்கத்துக்கும் காணி எடுத்தால் 2013 ஆம் ஆண்டின் காணி எடுப்புச் சட்டம் நட்டஈடு சொல்கிறது. படை நடவடிக்கையால் ஊர் போனவனுக்கு அது வராது. எஞ்சியிருப்பது 1998 ஆம் ஆண்டின் ஐ.நா. வழிகாட்டு நெறிகள். அவற்றை மீறினால் வழக்குப் போட முடியாது. இருந்தாலும் கீழே பல இடங்களில் அவற்றைத் தொடுகிறேன். நாம் எதைக் கேட்க வேண்டும் என்பதை அவை தெளிவாகச் சொல்கின்றன.

4. ஒரு அரசாங்கம் ஏன் தன்ட சனத்தையே ஊரால எழுப்பி ரோட்டோரத்துல வைக்கணும்?

கிளர்ச்சியாளருக்குச் சோறும் செய்தியும் ஆளும் ஊரில் இருந்து கிடைக்கின்றன, ஊரை அகற்றிவிட்டால் அவர்கள் தனித்துப் போவார்கள் என்பது பழைய இராணுவக் கணக்கு. 1950 இல் பிரிட்டிஷார் மலாயாவில் பிரிக்ஸ் திட்டத்தின் கீழ் சுமார் 5 லட்சம் பேரை முள்வேலி போட்ட ‘புதிய கிராமங்களுக்கு’ மாற்றினார்கள். பெரும்பாலும் சீனர்கள். தோட்டத் தொழிலாளர்களையும் ஒன்றுதிரட்டி வேலிக்குள் வைத்தார்கள். அவர்களில் தமிழர் ஏராளம். ஒராங் அஸ்லி பழங்குடிகளைக் காட்டில் இருந்து இறக்கி அடைத்தபோது நோயில் பலர் இறந்தார்கள். அதன் பிறகுதான் அந்த வழியைக் கைவிட்டார்கள்.

1962 இல் தென் வியட்நாமில் இதையே செய்தார்கள். இந்தியாவே 1967 இல் இருந்து மிசோ மலைகளில் நூற்றுக்கணக்கான ஊர்களை எரித்து, மக்களைப் படைக் காவலுக்குள் தொகுத்து வைத்தது. ஆகவே பஸ்தாரில் நடந்தது யாரோ சில உள்ளூர்த் தலைவர்களின் ஆத்திரம் அல்ல. பலமுறை கையாண்டு பழகிய முறை.

காட்டு மக்களுக்கு இது மற்றவர்களைவிட மோசமாக விழுகிறது. வயல், இலுப்பைப் பூ, பீடி இலை, மீன், மூலிகை, முன்னோரைப் புதைத்து நட்ட கல், குலதெய்வத்தின் தோப்பு எல்லாமே நடந்துபோகும் தூரத்துக்குள் இருக்கும் வாழ்க்கை அது. முகாமில் அரிசி கொடுக்கலாம், மற்ற எதையும் கொடுக்க முடியாது.

5. எஸ்.பி.ஓ. எண்டு சொல்றது எங்கட ஊர்காவல் படை மாதிரியா?

நெருக்கமாக இருக்கிறது. சிறப்புப் பொலிஸ் அதிகாரி என்ற பெயரில் ஆதிவாசி இளைஞர்களுக்குச் சிறு மாதச் சம்பளமும் துப்பாக்கியும் கொடுத்தார்கள். தொடக்கத்தில் மாதம் 1,500 ரூபா. பலர் பாடசாலையைப் பாதியில் விட்ட பையன்கள், சிலர் பதினெட்டு வயதே ஆகாதவர்கள். காடும் மொழியும் தெரிந்தவர்கள் என்பதால் படைக்கு முன்னால் நடக்கவிட்டார்கள். மாவோயிஸ்டுகளின் முதல் இலக்கும் அவர்களே ஆனார்கள்.

நந்தினி சுந்தர், ராமச்சந்திர குஹா, ஈ.ஏ.எஸ். சர்மா ஆகியோர் 2007 இல் வழக்குத் தொடுத்தார்கள். 2011 ஜூலை 5 அன்று இந்திய உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் சுதர்சன் ரெட்டியும் நிஜ்ஜாரும், மாவோயிஸ்டுகளுக்கு எதிரான நடவடிக்கைகளில் இந்த இளைஞர்களைப் பயன்படுத்துவது அரசியலமைப்பின் 14 ஆம், 21 ஆம் உறுப்புரைகளுக்கு முரண் என்று தீர்த்தார்கள். துப்பாக்கிகளைத் திரும்பப் பெறவும், சல்வா ஜூடும் போன்ற குழுக்கள் இயங்குவதைத் தடுக்கவும் உத்தரவிட்டார்கள்.

6. உச்ச நீதிமன்றமே சொன்ன பிறகு சனம் ஏன் திரும்பிப் போகேல்ல?

சத்தீஸ்கர் அரசு அதே ஆண்டில் துணை ஆயுதப் பொலிஸ் படைச் சட்டம் ஒன்றை இயற்றி, அதே ஆட்களை வேறு பெயரில் உள்ளே எடுத்துக்கொண்டது. அது நீதிமன்ற அவமதிப்பு என்று மனுதாரர்கள் முறையிட்டார்கள். சட்டமன்றம் சட்டம் இயற்றுவது அவமதிப்பு ஆகாது என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்த மனுவை முடித்துவைத்தது. தன் ஊரை எரிக்க வந்தவன் சீருடையோடு சந்தையில் நிற்கும்போது யார் திரும்பிப் போவார்கள்?

திரும்பியவர்களுக்கு நடந்ததும் எல்லோருக்கும் தெரியும். சர்கேகுடா சல்வா ஜூடும் காலத்தில் ஓடி, பிறகு மக்கள் தாமாகத் திரும்பிய ஊர்களில் ஒன்று. 2012 ஜூன் இறுதியில் ஓரிரவு படையினர் சுட்டதில் அங்கே 17 பேர் இறந்தார்கள். பிள்ளைகளும் அதில் உண்டு. இறந்தவர்கள் மாவோயிஸ்டுகள் என்பதற்குச் சான்று இல்லை என்று 2019 இல் நீதி விசாரணை ஆணைக்குழு சொன்னது. அந்த அறிக்கை வர ஏழு ஆண்டுகள் எடுத்தது. 2021 மே மாதம் சில்கேரில் புதிய படை முகாமுக்கு எதிராகக் கூடியவர்கள் மீதும் சூடு விழுந்தது.

நல்ல அனுபவமும் இல்லாமல் இல்லை. 2008 அளவில் நெந்திரா என்ற ஊருக்கு மக்கள் திரும்பியபோது, தந்தேவாடாவில் ஆசிரமம் நடத்திய ஹிமான்ஷு குமாரும் தொண்டர்களும் அவர்களோடு போய் ஊரிலேயே தங்கினார்கள். சாட்சிக்கு வெளியார் இருந்தால் தாக்குதல் நடக்காது என்பது அவர்கள் எண்ணம். அடுத்த ஆண்டு அந்த ஆசிரமம் இடிக்கப்பட்டது.

7. மாவோயிஸ்டுகளில பிழையே இல்லையா? ஒரு பக்கத்தை மட்டும் சொல்றீங்களே.

பெரும் பிழை இருக்கிறது. 2006 ஜூலையில் எர்ராபோர் முகாமை இரவில் தாக்கி முப்பதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றார்கள். அந்த முகாமில் இருந்தவர்களும் அதே ஆதிவாசிகள். உளவாளி என்று சொல்லி ஊரவர்களைக் கொன்றதற்குக் கணக்கில்லை. 2013 மே 25 அன்று ஜீரம் பள்ளத்தாக்கில் மகேந்திர கர்மாவையும் வேறு காங்கிரஸ் தலைவர்களையும் கொன்றார்கள். ஓடிய குடும்பங்களில் இரண்டு பக்கத்துக்கும் பயந்து ஓடியவர்கள் நிறையப் பேர்.

ஆனால் இந்தக் கேள்வி பதில்களின் பொருள் உரிமையும் மீள்குடியேற்றமும். உரிமையைக் காக்கும் கடமை அரசுக்குத்தான் சட்டப்படி இருக்கிறது. வடக்கு முஸ்லிம்களை 1990 ஒக்டோபரில் வெளியேற்றியது புலிகள். அதற்காக அவர்களைத் திரும்பக் குடியேற்றும் கடமை இலங்கை அரசுக்கு இல்லாமல் போகவில்லை. பஸ்தாரிலோ வெளியேற்றத்தில் அரசின் கையே இருந்தது.

8. இருவது வருசமா தெலங்கானாவுல இருக்காங்க. இன்னும் ஏன் பழங்குடிச் சான்றிதழ் குடுக்கல?

இந்தியாவில் ஒதுக்கீடும் சலுகையும் பெறும் பழங்குடிகளின் பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. அரசியலமைப்பின் 342 ஆம் உறுப்புரையின்படி ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனியாக அறிவிக்கிறார்கள். ஒரு மாநிலத்தில் பழங்குடி என்ற தகுதி, மற்ற மாநிலத்துக்குக் கூடவே போகாது என்று 1990 இல் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது வேலைக்கும் படிப்புக்கும் விரும்பி ஊர் மாறியவர்களை மனதில் வைத்து எழுந்த விதி. வீடு எரிந்து ஓடியவனையும் அதே தராசில் வைக்கிறார்கள். என் மனதை மிகவும் உறுத்துவது இதுதான்.

கோயா என்ற பெயரும் அதன் பல உட்பிரிவுகளும் தெலங்கானாப் பட்டியலில் இருக்கத்தான் இருக்கின்றன. ஆனால் அந்தப் பட்டியலை அறிவித்த 1950 ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை வந்தபோது உன் முன்னோர் இந்த மாநிலத்தில் இருந்தார்களா என்று கேட்கிறார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் என்றால் சான்றிதழ் இல்லை. எல்லை போடும் முன்பே அந்த மக்கள் சபரி ஆற்றின் இரு கரையிலும் பெண் கொடுத்துப் பெண் எடுத்து வாழ்ந்தவர்கள் என்பதை எந்தப் படிவத்திலும் எழுத இடமில்லை.

9. வன உரிமைச் சட்டம் எண்டு ஒண்டு இருக்குத்தானே. அதில காணி எடுக்க ஏலாதா?

2006 ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், 2005 டிசம்பர் 13 க்கு முன்பே காட்டுக் காணியில் இருந்த பழங்குடிக் குடும்பத்துக்கு 4 ஹெக்டயர் வரை உரிமை தரலாம் என்கிறது. கோரிக்கை முதலில் கிராம சபைக்கும், பிறகு உபபிரிவுக் குழுவுக்கும், கடைசியில் மாவட்டக் குழுவுக்கும் போகும்.

தெலங்கானாவில் இருந்துகொண்டு கேட்பவருக்கு இரண்டு தடை. பழங்குடி என்று அறிவிக்கப்பட்ட மாநிலத்திலோ பகுதியிலோதான் அந்த உரிமை என்று பிரிவு 4(1) சொல்கிறது. எட்டாம் கேள்வியின் சிக்கல் இங்கும் வந்து நிற்கிறது. பழங்குடி அல்லாத பிற காட்டுவாசி என்று கேட்டால், மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள் அங்கே வாழ்ந்ததாகக் காட்ட வேண்டும். 2006 இல் ஓடி வந்தவர் எதைக் காட்டுவார்? 2023 இல் தெலங்கானாவில் சேனைப் பயிர்ச்செய்கைக் காணிகளுக்குப் பெருமளவில் பட்டா, அதாவது காணி உரிமைப் பத்திரம், வழங்கினார்கள். குத்தி கோயாக்கள் வெளியேதான் நின்றார்கள்.

10. துரத்தப்பட்டவங்களுக்கு மாற்றுக் காணி குடுக்கோணும் எண்டு அதே சட்டத்தில ஒரு பிரிவு இருக்கெண்டு கேள்விப்பட்டன். அது உதவாதா?

இதைக் கேட்டவர் ஒரு சட்ட மாணவி. பிரிவு 3(1)(எம்) ஐச் சொல்கிறார். சட்டவிரோதமாக வெளியேற்றப்பட்டு, உரிய புனர்வாழ்வு கிடைக்காத காட்டு மக்களுக்கு அதே இடத்தில் மறுவாழ்வு, அல்லது மாற்றுக் காணி. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வெளியேற்றம் 2005 டிசம்பர் 13 க்கு முன் நடந்திருக்க வேண்டும். சல்வா ஜூடும் தொடங்கியது அதே ஆண்டு ஜூனில். முதல் ஆறு மாதத்துக்குள் துரத்தப்பட்டவர்களுக்கு இந்தப் பிரிவு நேரடியாகப் பொருந்தும். எரிப்பின் பெரும் பகுதி நடந்ததோ 2006 இலும் 2007 இலும்.

அப்படியானால் சொந்த ஊர்க் காணியைக் கேட்கலாமே என்று தோன்றும். திகதிக்கு முன்பு அங்கே இருந்தவர்கள்தானே. ஆனால் பிரிவு 4(6), சட்டம் நடைமுறைக்கு வந்த நாளிலும் காணி அவர்களின் கையில் இருந்திருக்க வேண்டும் என்கிறது. அந்த நாள் 2007 டிசம்பர் 31. அன்று அவர்கள் முகாமில் இருந்தார்கள், அல்லது கம்மத்தில் மிளகாய் பறித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு திகதிக்கும் நடுவில் ஊரை இழந்தவர்களைச் சட்டத்தின் எழுத்து கைவிட்டுவிட்டது.

என் கருத்தை மறைக்காமல் சொல்கிறேன். அரசு ஆதரித்த வன்முறையால் ஒருவர் காணியில் இல்லாமல் போனதை, அவருக்கு எதிராக அதே அரசு காரணம் காட்டக் கூடாது. தன் தவறால் தானே இலாபம் அடையக் கூடாது என்பது எந்த நீதிமன்றத்திலும் எடுபடும் கோட்பாடு. அதை வைத்து 3(1)(எம்) ஐ அகலமாகப் பொருள்கொள்ள வேண்டும், முடியாவிட்டால் நாடாளுமன்றம் திகதியைத் திருத்த வேண்டும். கோரிக்கைப் படிவங்களை அனுப்புபவர்கள் ‘எந்த மாதம் ஊரை விட்டீர்கள்’ என்ற கேள்விக்கு மிகக் கவனமாக விடை எழுதிக் கொடுக்க வேண்டும். முழு உரிமையும் அந்த ஒரு வரியில் தங்கியிருக்கிறது.

11. ஊரே எரிஞ்சு போச்சு, ஒரு துண்டுக் கடதாசி இல்ல. எப்பிடி நிரூபிக்கிறது?

இந்த இடத்தில் இந்திய விதிகள் நம்முடையதைவிடத் தாராளமானவை. வன உரிமை விதிகளின் 13 ஆம் விதி, எழுத்து ஆவணம் இல்லாமலும் நிரூபிக்க வழி தருகிறது. கோருபவர் அல்லாத வேறு முதியவர்களின் வாக்குமூலம், வீட்டு அடித்தளம், கிணறு, வரப்பு, புதைகுழி, வழிபாட்டு இடம் எல்லாம் சான்று. ஒன்றுக்கு மேற்பட்ட சான்று இருக்க வேண்டும், அவ்வளவுதான். பஸ்தாரில் முன்னோருக்கு நட்ட நினைவுக் கற்கள் எரியவில்லை. அவை நின்ற இடத்திலேயே நிற்கின்றன.

நமக்கு இது எவ்வளவு பெரிய விடயம் என்று தெரியும். வடக்கிலும் கிழக்கிலும் உறுதியும் பெர்மிட்டும் தொலைந்தவர்கள் கச்சேரிக்கும் பிரதேச செயலகத்துக்கும் எத்தனை வருடம் நடந்தார்கள். ஓடியவரின் காணியில் வேறொருவர் 10 வருடம் இருந்து உரிமை கோருவதைத் தடுக்க, 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்க விசேட ஏற்பாடுகள் சட்டம் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை அந்தப் பத்து வருடக் கணக்கில் சேர்க்காமல் விட அது வழி செய்தது. போர்க்காலத்தைக் கணக்கில் எடுக்காமல் விடும் இப்படி ஓர் ஏற்பாடுதான் பத்தாம் கேள்விக்கும் சரியான மருந்து.

12. ஆனா காட்டை வெட்டுறாங்களே சேர். காடும் முக்கியம்தானே?

முக்கியம்தான். காட்டுக்குள் புதிதாக வந்தவர்கள் சேனை செய்ய மரம் வெட்டினார்கள் என்பதை மறுக்க முடியாது. உண்ண வழி கொடுக்காமல் விட்டால் வேறு என்ன நடக்கும்? வன இலாகா அந்தச் சேனைகளில் மரக்கன்று நட்டது, குடிசைகளை இடித்தது. 2022 நவம்பரில் பத்ராத்ரி கொத்தகூடெம் மாவட்டத்தில் மரநடுகைத் தகராறில் ஒரு வன அதிகாரி வெட்டிக் கொல்லப்பட்டார். அந்தக் கொலைக்கு நியாயம் கிடையாது. அதைச் செய்தவர்கள் தண்டனை பெற வேண்டும். அதற்காக முழுக் குடியிருப்புகளையும் வெளியேற்று என்ற குரல் எழுந்தது கூட்டுத் தண்டனை.

13. அங்க ஏற்கனவே ஈக்கிற கோயா ஆக்களே இவங்கள வாணாம்ங்கிறாங்களாமே?

சில இடங்களில் உண்மை. மேலே சொன்ன கொலைக்குப் பிறகு, இவர்களைச் சத்தீஸ்கருக்கே அனுப்ப வேண்டும் என்று உள்ளூர்ப் பஞ்சாயத்து தீர்மானம் போட்டது. உள்ளூர்க் கோயாக்களின் பயம் புரியக்கூடியது. காடு சுருங்குகிறது, இருக்கும் ஒதுக்கீட்டில் இன்னும் பங்கு கேட்பார்களோ என்ற அச்சம். அதே நேரம் இடம் கொடுத்து, பெண் கொடுத்து, குடியிருப்புப் போட உதவியவர்களும் உள்ளூர்க் கோயாக்கள்தான்.

இந்தக் கேள்வியைக் கேட்டவர் புத்தளத்தில் வளர்ந்தவர். அவருக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. 1990 இல் வந்தவர்களை முதலில் அரவணைத்த ஊர், வருடங்கள் ஓடிய பிறகு தண்ணீர், வேலை, பாடசாலை இடம், வாக்காளர் இடாப்பு என்று ஒவ்வொன்றிலும் முரண்பட்டது. வந்தவர்களுக்குரியதை அரசு தனியாகக் கொடுக்காமல் ஏற்கனவே ஏழையாக இருந்த ஊரின் பங்கில் இருந்து எடுக்க விட்டதுதான் காரணம். தெலங்கானாவிலும் மேலதிக நிதி, மேலதிக இடம் என்று மத்திய அரசு தராமல் உறவு சீராகாது.

14. புரூ மக்களுக்குக் குடுத்தாங்களே, அத மாதிரி இவங்களுக்கும் குடுக்கலாமே?

கொடுக்கலாம். 1997 இல் மிசோரமில் இருந்து இன வன்முறைக்குத் தப்பித் திரிபுராவுக்கு ஓடிய புரூ மக்கள் 20 வருடங்களுக்கு மேல் முகாமில் இருந்தார்கள். திரும்பிப் போ என்ற திட்டம் பலமுறை தோற்ற பிறகு, 2020 ஜனவரி 16 அன்று திரிபுராவிலேயே குடியேற்றும் ஒப்பந்தம் கையெழுத்தானது. சுமார் 34,000 பேருக்கு 600 கோடி ரூபா. ஒவ்வொரு குடும்பத்துக்கும் 40 க்கு 30 அடி மனை, 4 லட்சம் ரூபா நிரந்தர வைப்பு, வீடு கட்ட ஒன்றரை லட்சம், இரண்டு வருடம் மாதம் 5,000 ரூபாவும் இலவச அரிசியும். ஆகவே மாநில எல்லை தாண்டியவர்களைக் குடியேற்ற வழியே இல்லை என்று டெல்லி சொல்ல முடியாது.

ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். புரூ மக்கள் ரியாங் என்ற பெயரில் திரிபுராப் பட்டியலில் முன்பே இருந்தார்கள், சான்றிதழ்ச் சிக்கல் எழவில்லை. இன்னொன்று, அவர்கள் முகாமில் இருந்தார்கள், கணக்கு இருந்தது. குத்தி கோயாக்களைக் கணக்கெடுக்கும்படி 2019 இல் தேசியப் பழங்குடியினர் ஆணைக்குழு மாநிலங்களைக் கேட்டது. நம்பத்தக்க, பெயர்வாரியான கணக்கெடுப்பு இல்லாமல் எந்த உதவித் திட்டமும் சரியானவர்களுக்குப் போய்ச் சேராது.

15. இலங்கையிலயும் ஆதிவாசிகள் போரால எழும்பினவையா? தம்பானை ஆக்கள் மட்டும்தான் தெரியும்.

தம்பானைப் பக்கத்து மக்களின் காடு 1983 இல் மதுறு ஓயா தேசியப் பூங்கா ஆக்கப்பட்டபோது பலர் ஹெனானிகலவுக்கு மாற்றப்பட்டார்கள். அது மகாவலித் திட்டத்தோடு சேர்ந்தது, போர் அல்ல.

போரால் எழும்பியவர்கள் கிழக்குக் கரையோர வேடர்கள். வாகரை, வெருகல், மூதூர் கிழக்கு ஆகிய இடங்களில் தமிழ் பேசி வாழ்பவர்கள். 2006 இல் மூதூரிலும் வாகரையிலும் சண்டை மூண்டபோது மற்றவர்களோடு அவர்களும் ஓடினார்கள். திரும்பியபோது வேட்டைக்கும் தேனுக்கும் போன காடு வன இலாகா எல்லைக்குள் இருந்தது. நம் நாட்டில் பழங்குடிப் பட்டியல் என்ற ஒன்றே இல்லாததால், அவர்கள் தமிழர் என்றே கணக்கில் விழுந்து, காட்டின் மீதான உரிமையைத் தனியாகக் கேட்க முடியாமல் நிற்கிறார்கள். கொழும்பில் இருந்து பஸ்தாரைப் பற்றிப் பேசுகிற நாம் வாகரையையும் பேச வேண்டும்.

16. முகாமில இருந்தவையும் எஸ்.பி.ஓ. குடும்பங்களும் கூட மீள்குடியேற்றம் கேக்கலாமா? அவையள்தானே எரிச்சவை?

எரித்தவர்கள் குற்ற வழக்கைச் சந்திக்க வேண்டும். ஆனால் முகாமில் இருந்தவர்களில் பெரும்பாலோர் அங்கே இழுத்து வரப்பட்டவர்கள். தோர்ணாபாலில் இன்றும் இருப்பவர்களுக்கு முப்பது கிலோமீற்றருக்குள் சொந்த வயல் இருக்கும், போக முடியாது. ஒருவருடைய அண்ணன் துப்பாக்கி எடுத்தான் என்பதற்காக அந்தக் குடும்பத்தின் காணி உரிமை அழியாது. இரண்டு பக்கத்தாரும் ஒரே ஊருக்குத் திரும்ப நேரும்போது, காணி அளக்கும் முன்பே ஊர்ப் பெரியவர்களை வைத்து அவர்களுக்குள் பேசித் தீர்க்க வேண்டியது நிறைய இருக்கும். அதை எந்த அதிகாரியும் மேலிருந்து செய்ய முடியாது.

17. 2026 மார்ச்சோட மாவோயிஸ்டுகளை முடிக்கிறம் எண்டு அமித் ஷா சொன்னவர். முடிஞ்சா எல்லாரையும் திருப்பி அனுப்புறதுதானே நியாயம்?

உள்துறை அமைச்சர் 2026 மார்ச் 31 என்று நாள் குறித்தது உண்மை. 2025 மே மாதம் மாவோயிஸ்ட் கட்சியின் பொதுச் செயலாளர் பசவராஜூ கொல்லப்பட்டார். பஸ்தாரின் உட்பகுதி எங்கும் வீதியும் படை முகாமும் வந்துவிட்டன. ஆனால் சண்டை ஓய்ந்ததும் லொறியில் ஏற்றித் திருப்பி அனுப்பினால், அதுவும் இன்னொரு வெளியேற்றம்தான். வவுனியாவின் மெனிக் பாம் முகாம் 2012 செப்டம்பரில் மூடப்பட்டபோது, கேப்பாப்புலவு மக்களைச் சொந்த ஊருக்கு விடாமல் வேறோர் இடத்தில் இறக்கினார்கள். ‘மீள்குடியேற்றம் முடிந்தது’ என்ற அறிவிப்புக்குள் அவர்களும் சேர்க்கப்பட்டார்கள். காணிக்காக அவர்கள் அதற்குப் பின்னும் வருடக்கணக்கில் வீதியில் இருந்தார்கள்.

ஐ.நா. வழிகாட்டு நெறிகளின் 28 ஆவது நெறி, தாமாக விரும்பி, பாதுகாப்போடும் கண்ணியத்தோடும் ஊர் திரும்பவோ, வேறிடத்தில் குடியேறவோ வழிசெய்வது அரசின் கடமை என்கிறது. நான் முதலில் கேட்பது இந்தத் தெரிவைத்தான். காணி, சான்றிதழ், நட்டஈடு எல்லாம் அந்தத் தெரிவை உண்மையாக்குவதற்கு வேண்டியவை. தெலங்கானாவில் சான்றிதழ் தராமல், சேனையில் மரம் நட்டு, ‘விருப்பம் என்றால் திரும்புங்கள்’ என்றால் அது விருப்பம் ஆகாது. பஸ்தாரில் ஊர்க் காணிக்குப் பக்கத்தில் சுரங்க உரிமம் கொடுத்துவிட்டு ‘வாருங்கள்’ என்பதும் அப்படியே. முதியவர் ஊருக்குப் போகவும் மகன் இங்கேயே இருக்கவும் விரும்பலாம். குடும்பத்தைப் பிரிக்காமல் இரண்டுக்கும் இடம் வைத்த திட்டம் வேண்டும். ஊரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து முடிவு சொல்லக் கால அவகாசமும் வேண்டும்.

18. அங்கயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள்? அவங்களுக்கு எந்த ஊர்?

2006 இல் கைக்குழந்தையாக வந்த பிள்ளைக்கு இன்று வாக்குரிமை வயது தாண்டிவிட்டது. தெலுங்கில் படித்தவர்கள், ஊரைக் கண்டதில்லை. மத்திய அரசின் சுற்றறிக்கைகளின்படி, வேறு மாநிலத்தில் பிறந்த பிள்ளைக்கு அப்பாவின் பூர்வீக மாநிலச் சான்றிதழைக் காட்டிப் பழங்குடிச் சான்று பெறலாம். ஆனால் மாநில அரசு தரும் சலுகைகள் பூர்வீக மாநிலத்திலேயே கிடைக்கும், தெலங்கானாவில் கிடைக்காது. அப்பாவிடமே சான்றிதழ் இல்லாதபோது பிள்ளைக்கு அதுவும் கைகூடாது. தெலுங்கில் பத்தாம் வகுப்பு முடித்த பெண், ஹிந்தியில் இயங்கும் சத்தீஸ்கர் கல்லூரிக்குப் போய்த் தன் ஒதுக்கீட்டைக் கேட்க வேண்டும் என்பது நடைமுறையில் படிப்பை நிறுத்து என்பதற்குச் சமம்.

இந்தப் பிள்ளைகளுக்காவது இரண்டு மாநிலத்திலும் தகுதி செல்லும் என்று மத்திய அரசு ஒரு விசேட ஆணையால் சொல்ல வேண்டும் என்பது பலரும் கேட்கும் கோரிக்கை, நானும் அதைத்தான் கேட்கிறேன். அது வரும்வரை செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பிறப்புப் பதிவையும், அப்பா அம்மாவின் ஊர்ப் பெயர், வயல் இருந்த இடம், விட்டு வந்த மாதம் ஆகியவற்றையும் இப்போதே எழுத்தில் எடுத்து, பதினோராம் கேள்வியில் சொன்ன முதியவர் வாக்குமூலத்தோடு சேர்த்து வைக்க வேண்டும். அந்த வாக்குமூலத்தைத் தரக்கூடியவர்களுக்கு எழுபது வயது தாண்டிவிட்டது.